அருவிக்கு இரவில் மட்டும் ஏன் அத்தனை குரல்?

1800-ஆம் ஆண்டில், இன்றைய வெனிசுவேலாவில் ஓடும் ஓரினோகோ ஆற்றை எதிர்த்துப் படகில் போய்க்கொண்டிருந்தார் ஜெர்மானிய அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட். அதூரெஸ் என்ற இடத்தில் அந்த ஆறு பாறைகளுக்கிடையே சிதறி, நுரைத்து, படிப்படியாக விழுந்து பாய்கிறது. அதன் முழக்கம் ஒரு லீக் தொலைவுக்கு அப்பாலும், அதாவது நாலைந்து கிலோமீட்டர் தள்ளியும் கேட்டது. அது வியப்பல்ல. பகலைவிட இரவில் அந்த முழக்கம் மூன்று மடங்கு பெரிதாகக் கேட்டது என்று அவர் குறித்து வைத்திருப்பதுதான் வியப்பு. இரவானதும் ஆற்றில் தண்ணீர் கூடிவிடுவதில்லை. விழும் உயரமும் மாறுவதில்லை. இரவில் ஒலிகள் ஏன் நன்றாகக் கேட்கின்றன என்ற கேள்வி அவருக்கு முன்பே பழையதுதான். அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் வினா நூலிலும் அது இருக்கிறது, புளூட்டார்க்கின் விருந்து உரையாடல்களிலும் இருக்கிறது. பகலின் சந்தடி அடங்கிவிடுவதால் மற்ற ஒலிகள் தெளிவாகக் கேட்கின்றன என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. அந்த விடையை ஹும்போல்ட் ஏற்கவில்லை. ஓரினோகோக் கரையில் இரவு அமைதியானதே அல்ல, பூச்சிகளின் இரைச்சல் பகலைவிட இரவில்தான் அதிகம், இலைகளை அசைக்கும் காற்றும் சூரியன் மறைந்த பிறகுதான் எழுகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். பின்னணி குறையாதபோது, பின்னணி குறைந்ததால் ஒலி பெரிதாயிற்று என்று எப்படிச் சொல்வது?

அழகான மறுப்பு இது. இருநூறு ஆண்டு கழித்தும் இதைத் தாண்டிச் செல்லாமல் இரவின் ஒலியைப் பற்றி எதுவும் பேச முடியாது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது அந்த ஒலிக்கு மட்டும் சொந்தமான குணம் அல்ல. அது எந்தப் பின்னணிக்கு நடுவே எழுகிறதோ, அந்தப் பின்னணிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. இரவு பெரும்பாலான ஒலிகளை உயர்த்துவதில்லை. அவற்றின் கீழே இருக்கும் தரையைத் தாழ்த்துகிறது. ஆனால் "பின்னணி" என்று ஒற்றைச் சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் ஒற்றைப் பொருள் அல்ல. ஹும்போல்ட்டின் மறுப்பு சறுக்குவது அந்த இடத்தில்தான். அவருடைய முடிவு சரியாக இருந்தது. அதற்கு அவர் காட்டிய காரணம் போதவில்லை.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். பகலில் வெயில் பட்ட பாறையும் புல்வெளியும் வெவ்வேறு அளவில் சூடாகின்றன, அவற்றின் மேலுள்ள காற்றுத் தூண்களும் வெவ்வேறு அடர்த்தி பெறுகின்றன, அவற்றைக் கடக்கும்போது ஒலி சிதறித் தேய்கிறது, இரவில் காற்று சீராகிவிடுவதால் ஒலி தடையின்றி வருகிறது என்பது அவர் தந்த விளக்கம். 1820-இல் இதற்கெனத் தனிக் கட்டுரையே எழுதினார். 1873-இல் இங்கிலாந்தின் தென்கரையில் மூடுபனி எச்சரிக்கை ஊதல்களைச் சோதித்த ஜான் டிண்டல், கண்ணுக்குத் தெரியாத "ஒலி மேகங்கள்" பற்றிப் பேசி இந்தக் கருத்துக்கு வலுச்சேர்த்தார். அதே காலத்தில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இன்னும் எளிய, இன்னும் வலுவான காரணம் ஒன்றைக் காட்டினார். காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து, தொலைவில் நிற்பவரின் தலைக்கு மேலே போய்விடுகிறது. காற்றசைவு குறைந்த தெளிவான இரவில் தரை முதலில் குளிர்கிறது, மேலே வெப்பம் நிற்கிறது. அதே ஒலி இப்போது கீழ்நோக்கி வளைந்து காதுக்கு வந்து சேர்கிறது. ஹும்போல்ட் சொன்ன "மூன்று மடங்கு" என்பதைக் கேட்பவரின் உணர்வாகக் கொண்டால், அதற்கு ஏறத்தாழ 16 டெசிபல் உயர்வு வேண்டும். ஏனெனில் 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஒலி கிட்டத்தட்ட இருமடங்காகத் தோன்றுகிறது. சில கிலோமீட்டர் தொலைவில், பகல் வளைவுக்கும் இரவு வளைவுக்கும் இடையே அந்த அளவு வேறுபாடு வருவது இயல்பானதே. ஆகவே அதூரெஸ் முழக்கத்தின் பெரும்பகுதியைக் காற்று விளக்கிவிடுகிறது. தூரத்து ரயிலின் ஊதல் நடுச்சாமத்தில் பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் இருப்பதற்கும் காற்றுக்கு இதே பங்கு உண்டு.

ஆனால் இந்த விளக்கத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைத் தூரம் வகுக்கிறது. ஒலி வளைவதற்கு வழி நீளமாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மீட்டர் போனால்தான் அது பொருட்படுத்தும் அளவுக்கு வளையும். குளியலறைக் குழாயிலிருந்து கட்டில்வரை வரும் சொட்டுச் சத்தம் வளைய இடமே இல்லை. சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக், மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் ஓசை, பக்கத்து அறையில் இருமல் ஆகிய எதுவும் பகலுக்கும் இரவுக்கும் வேறு காற்றின் வழியாக வருவதில்லை. ஆனாலும் அவை இரவில் பெரிதாகின்றன. நம் ஊர்களில் மின்வெட்டு இதை ஆய்வுக்கூடத்துக்குரிய துல்லியத்தோடு காட்டித் தருகிறது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, மின்சாரம் போகிறது, இறக்கைகள் ஓய்ந்து நின்ற அடுத்த நொடியில் அதுவரை இல்லாததுபோல் இருந்த குழாய்ச் சொட்டும், தெருக்கோடி நாயின் குரைப்பும் அறைக்குள் வந்து நிற்கின்றன. அந்தச் சில நொடிகளில் வெளிக்காற்றின் வெப்பநிலை மாறவில்லை, குழாய் மாறவில்லை, கேட்பவரும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. பழைய விடையின் உண்மை இங்கே தனித்துத் தெரிகிறது.

இதன் கணக்கு எளிது, ஆனால் பலருக்கும் எதிர்பாராதது. மின்விசிறி ஓடும் அறையில் 50 டெசிபல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 டெசிபல் அளவுள்ள சொட்டுச் சத்தம் ஒன்று விழுந்தால் மொத்தம் 80 ஆகாது, 50.04 ஆகும். டெசிபல் என்பது மடங்குகளின் அளவுகோல் என்பதால், நூறில் ஒரு பங்கு ஆற்றலைச் சேர்ப்பதால் எதுவும் பெயர்வதில்லை. ஏறத்தாழ ஒரு டெசிபல் மாற்றத்தைத்தான் நம் காது கவனிக்கும். விசிறி நின்று அறை 25 டெசிபலுக்கு இறங்கியதும் அதே சொட்டு மொத்தத்தை 31.2-க்கு உயர்த்துகிறது. ஆறு டெசிபலுக்கும் மேற்பட்ட துள்ளல் இது. சொட்டின் ஆற்றல் இரு நேரத்திலும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கு பாதி உண்மைதான். காது ஒரே முள் கொண்ட அளவி அல்ல. அப்படி இருந்திருந்தால் ஹும்போல்ட்டின் மறுப்பு வென்றிருக்கும்: பூச்சிகளின் இரைச்சல் இரவில் கூடுகிறது, மொத்த டெசிபல் உயர்கிறது, அருவி அமுங்க வேண்டும். அப்படி அமுங்காததன் காரணத்தை 1876-இல் நியூ ஜெர்சியில் ஆல்ஃபிரட் மேயர் கண்டுகொண்டார். மேசைக் கடிகாரத்தின் டிக்டிக்கையும் கைக்கடிகாரத்தின் டிக்டிக்கையும் ஒன்றன்மேல் ஒன்று விழவைத்துக் கேட்பதிலிருந்து தொடங்கிய அவர், தாழ்ந்த சுருதியுள்ள வலுவான ஒலி உயர்ந்த சுருதியை முற்றிலும் அழித்துவிட முடியும், ஆனால் உயர்ந்த சுருதி எவ்வளவு வலுவாக ஒலித்தாலும் தாழ்ந்த சுருதியை அழிப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1924-இல் வெகல், லேன் இருவரும் இதை மின் கருவிகளால் அளந்து வரைபடமாக்கினார்கள். 1940-இல் ஹார்வி ஃபிளெச்சர் இன்னொன்றைத் தெளிவுபடுத்தினார். ஒரு சுரத்தை மறைப்பதில் இரைச்சலின் முழு ஆற்றலும் பங்குகொள்வதில்லை, அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள ஒரு குறுகிய பட்டைக்குள் விழும் பகுதியே பங்குகொள்கிறது. 1000 ஹெர்ட்ஸ் அருகே அந்தப் பட்டையின் அகலம் ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸ். நம் காது இப்படிப்பட்ட சுமார் 24 பட்டைகளில் ஒலியைப் பிரித்து வாங்குகிறது. ஒவ்வொரு பட்டைக்கும் தனிப் பின்னணி, தனித் தரை.

உடலமைப்பிலும் இதற்குச் சான்று இருக்கிறது. உட்செவியின் நத்தைச் சுருளுக்குள் நீளும் சவ்வில், உயர்ந்த அதிர்வெண்கள் நுழைவாயிலருகே உச்சம் கொள்கின்றன. தாழ்ந்த அதிர்வெண்கள் சவ்வின் பெரும்பகுதியைக் கடந்து சுருளின் உட்கோடியில் உச்சம் கொள்கின்றன. இந்த அலைப்பயணத்தைக் கண்டு காட்டியதற்காக கியார்க் பான் பேக்கேஷி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். உட்கோடிக்குப் போகும் தாழ்ந்த ஒலி, வழியில் வாயிலருகே உள்ள பகுதியையும் அசைத்துவிட்டுத்தான் போகிறது. வாயிலருகே அடங்கிவிடும் உயர்ந்த ஒலியோ உட்கோடியைத் தொடுவதே இல்லை. இப்போது அதூரெஸுக்குத் திரும்புவோம். 4000 ஹெர்ட்ஸ் ஒலியை வெப்பமண்டலக் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இருபது டெசிபலுக்கு மேல் உறிஞ்சிவிடும். 250 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டரில் ஒரு டெசிபல் அளவே இழக்கும். நாலைந்து கிலோமீட்டர் கடந்து வந்த அருவியில் எஞ்சியிருந்தது அடித்தொண்டை உறுமல் மட்டுமே. சில்வண்டும் சுவர்க்கோழியும் பாடுவது பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டும் ஒரே காற்றில் இருந்தாலும் ஒரே பட்டையில் இல்லை. பூச்சிகளின் இரைச்சல் நூறு மடங்கு கூடியிருந்தாலும் அருவியை அது மறைத்திருக்காது. எனவே அது பின்னணி விளக்கத்தை நிராகரிக்கும் சான்றும் ஆகாது. இரவு அமைதியா இரைச்சலா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தப் பட்டையில் என்று கேட்க வேண்டும். நம் நகரங்களில் இரவில் அடங்குவது பேருந்தும் லாரியும் கட்டுமான எந்திரங்களும் எழுப்பும் தாழ்ந்த உறுமல். எல்லாவற்றின் மீதும் பரவி மறைக்கும் வகை அது. அது விலகும்போது மேலே உள்ள பட்டைகள் அனைத்தும் ஒருசேரத் திறக்கின்றன.

மறைத்தல் என்றதும் ஒலி கேட்கும் அல்லது கேட்காது என்ற இரண்டு நிலைகளே நினைவுக்கு வரும். இடையில் ஒரு பெரும் நிலப்பரப்பு இருக்கிறது. இந்த அத்தியாயத்தின் மையம் அங்கேதான். பின்னணிக்குச் சற்று மேலே தலைதூக்கிய ஒலி கேட்கத்தான் செய்யும், ஆனால் தனியே இருந்தால் எவ்வளவு உரக்கக் கேட்குமோ அதைவிட மிக மெலிந்து கேட்கும். ஒலியின் அளவை ஏற்றிக்கொண்டே போனால் அதன் உரப்பு வழக்கத்தைவிடச் செங்குத்தாக ஏறி, வலுவான நிலையில் அமைதியில் கேட்கும் உரப்பை எட்டிப் பிடித்துவிடும். உட்செவி பழுதுபட்ட முதியவர்களிடம் இதே வளைவைக் காணலாம். மெல்லப் பேசினால் காதில் விழாது, கொஞ்சம் ஏற்றிப் பேசினால் "ஏன் கத்துகிறாய்?" என்பார்கள். அது அவர்களுடைய முன்கோபம் அல்ல, செவியின் இயற்பியல். 1937-இலேயே ஸ்டைன்பர்க், கார்ட்னர் இருவரும் செவிக்குறைபாட்டையும் இரைச்சல் மறைப்பையும் இவ்வகையில் ஒப்பிட்டு அளந்தார்கள். இதிலிருந்து கிடைக்கும் முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: இரவு எல்லா ஒலிகளையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குவதில்லை. ஜன்னலுக்கு நேர்கீழே அலறும் 80 டெசிபல் ஹாரன், 50 டெசிபல் பகலிலும் 30 டெசிபல் இரவிலும் ஏறத்தாழ ஒரே உரப்புடன்தான் கேட்கிறது. பகலில் தரையோடு தரையாகக் கிடந்த 35, 40 டெசிபல் ஒலிகள்தான் பன்மடங்கு வளர்கின்றன. பெரிதாவது சிறியவை மட்டுமே. தூக்கம் வராமல் புரள்பவர் கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்தில் வைப்பது வீண் பிடிவாதம் அல்ல.

இங்கே வரக்கூடிய வலுவான எதிர்வாதம் மனத்தைப் பற்றியது. இருட்டில் கண்ணுக்கு வேலையில்லை, கைக்கு வேலையில்லை, கவனம் முழுவதும் செவிக்குப் போகிறது, அதனால்தான் சொட்டு பெரிதாகிறது, இதில் தரையும் பட்டையும் எங்கே வந்தன என்று கேட்கலாம். கவனத்துக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓர் ஒலி எரிச்சலூட்டுகிறதா இல்லையா என்பதைப் பெரிதும் அதுவே முடிவு செய்கிறது. ஆனால் மறைத்தல் கவனத்துக்கு முந்திய நிகழ்வு. மயக்க மருந்தில் ஆழ்ந்த விலங்குகளின் செவி நரம்பு இழைகளில் நுண்மின்முனை வைத்துப் பதிவு செய்தாலும், பின்னணி இரைச்சலைச் சேர்த்ததும் மெல்லிய சுரத்துக்கான துடிப்பு அமுங்கிப் போவதைக் காணலாம். அங்கே கவனிக்க யாரும் விழித்திருக்கவில்லை. செவி நரம்பு மூளைக்கு அனுப்பாத செய்தியை எந்தக் கவனமும் பெரிதாக்க முடியாது. பகலில் சொட்டு கேட்காததற்கு நம் கவனச் சிதறல் ஒரு காரணம் என்றால், அது இரண்டாவது காரணம்.

அடுத்த எதிர்வாதம் ஒலியின் மூலத்தைப் பற்றியது. இரவில் நாய்கள் நிஜமாகவே பலமாகக் குரைக்கலாமே, பறவைகள் நிஜமாகவே உரக்கப் பாடலாமே? எதிர்த்திசையில்தான் உண்மை இருக்கிறது. இரைச்சலில் பேசுபவர் தன்னையறியாமல் குரலை ஏற்றுகிறார் என்று 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் காட்டினார். அமைதி வந்தால் குரல் தானே இறங்கும். இதன் மிகத் துல்லியமான சான்று 2020-இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து வந்தது. கொரோனா ஊரடங்கில் கோல்டன் கேட் பாலத்தின் போக்குவரத்து 1950-களின் அளவுக்கு இறங்கியது. அங்குள்ள வெண்முடிச் சிட்டுகளின் பாட்டை எலிசபெத் டெரிபெரியும் அவருடைய குழுவினரும் முந்தைய ஆண்டுகளின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பறவைகள் முன்பைவிட மெதுவாகப் பாடின. அப்படியிருந்தும் அந்தப் பாட்டு எட்டிய தூரம் இரு மடங்காகியிருந்தது. உலகெங்கும் மக்கள் "பறவைகள் இப்போது எவ்வளவு உரக்கப் பாடுகின்றன" என்று வியந்துகொண்டிருந்த அதே மாதங்கள் அவை. மூலம் தணிகிறது, உரப்பு ஏறுகிறது. உரப்பு மூலத்தின் சொத்து என்று நம்புகிறவர் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பதில் சொல்ல முடியாது. இடைவெளி என்று பார்ப்பவருக்கு இதில் புதிரே இல்லை.

இது செவி அறிவியலோடு நின்றுவிடும் செய்தி என்றால் இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்காது. நாம் இரவைப் பாதுகாக்க எழுதி வைத்திருக்கும் விதிகள் இடைவெளியை அளப்பதில்லை. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பிடுகின்றன. இரவுக்குப் பத்து டெசிபல் குறைத்ததே ஒரு நல்ல உள்ளுணர்வின் அடையாளம். ஆனால் அந்த எண் நேரச் சராசரி. எட்டு மணி நேரமும் 35 டெசிபலில் இருக்கும் ஒரு தெருவில், நள்ளிரவில் 75 டெசிபலில் இருபது வினாடி ஒரு ஹாரன் அலறுகிறது என்று கொள்வோம். இரவு முழுவதற்குமான சராசரி 44 டெசிபல். தெரு முழுவதும் எழுந்து உட்கார்ந்துவிட்டது; தாளில் அந்த டெசிபல் வரம்பு மீறப்படவில்லை. பின்னணிக்கு மேல் அந்த ஒலி நாற்பது டெசிபல் எழுந்து நின்றது என்ற செய்தி சராசரிக்குள் கரைந்து போய்விட்டது. ஒலிபெருக்கிக்கு வைத்த வரம்பும் இப்படித்தான். பகுதிக்கான வரம்பைவிடப் பத்து டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, எப்படியும் 75-ஐத் தாண்டக்கூடாது என்கிறது அது. ஒப்பிடுவது அட்டவணையில் அச்சான எண்ணோடு. அன்றிரவு அந்தத் தெருவில் உண்மையாக இருந்த பின்னணியோடு அல்ல.

பிரான்சின் சட்டம் வேறு வழியில் போகிறது. அக்கம்பக்கத்தில் நடக்கும் தொழில்களின் இரைச்சலுக்கு அது இடைவெளியையே வரம்பாக வைக்கிறது: குறிப்பிட்ட ஒலி இருக்கும்போதும் இல்லாதபோதும் அளந்து, பகலில் 5 டெசிபலுக்கும் இரவில் 3 டெசிபலுக்கும் மேல் வேறுபாடு இருக்கக்கூடாது, குறைந்த நேரமே நீடிக்கும் ஒலிக்குச் சற்றுச் சலுகை உண்டு. பிரிட்டனில் 1967 முதல் வழங்கும் பிஎஸ் 4142 தரமும், தொழிற்சாலை ஒலியைப் பின்னணிக்கு எதிரே வைத்தே மதிப்பிடுகிறது. அங்கே பின்னணி என்பது 90 விழுக்காடு நேரம் எந்த அளவுக்குக் கீழே போவதில்லையோ அந்த அளவு, சுருக்கமாக எல்-90. இந்த அணுகுமுறையைத்தான் செவியின் அறிவியல் பரிந்துரைக்கும்.

இதற்கும் ஓர் எதிர்வாதம் உண்டு, அது நியாயமானது. இடைவெளி மட்டுமே குற்றம் என்றால், தரையை உயர்த்திவிட்டால் குற்றம் மறைந்துவிடுமே? ஒவ்வொரு மாடியிலும் ஏசியின் வெளிப்பெட்டி இரவெல்லாம் உறுமினால் ஹாரனின் துருத்தல் குறையும், சட்டம் திருப்தியடையும். மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் தங்களுக்குள் செய்துகொள்வதும் இதைத்தான். தாமே தேர்ந்தெடுத்த, ஏற்ற இறக்கமில்லாத, மிதமான ஓசை என்பதால் அது பலருக்கு உதவுகிறது. ஒரு நகரம் அதைத் தன் கொள்கையாக்கிக்கொள்ள முடியாது. உறங்குபவர் விழிக்காவிட்டாலும் இரவு இரைச்சலுக்கு அவருடைய இதயத் துடிப்பு பதிலளிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஐரோப்பாவுக்கு வகுத்த வழிகாட்டுதலில், இரவில் வீட்டுக்கு வெளியே 40 டெசிபல் என்ற சராசரி இலக்கை வைத்ததற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை. எனவே தரைக்கு ஓர் உச்சவரம்பும், தரைக்கு மேல் எழும் உயரத்துக்கு இன்னொரு வரம்பும் சேர்ந்தே வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் மற்றதன் வழியே இரைச்சல் உள்ளே வந்துவிடும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. சராசரியைக் காட்டும் நல்ல ஒலி அளவி எல்-90 அளவையும் அதே பதிவிலிருந்து கணக்கிட்டுத் தருகிறது. அளக்கச் செல்பவர் அந்த இரண்டாவது எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விதி கேட்டால் போதும்.